முறைநீரும் செயலிநேரமும்: கிண்டி – தாம்பரம் வட்டாரக் கணினி வரலாற்றில் ஓர் அளவைச் சிக்கல்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு செயலியைப் பலர் பகிரும்போது அவரவர் பயன்படுத்திய நேரத்தை எவ்வாறு அளப்பது என்னும் வினா, தென்சென்னை வட்டாரத்துக் கணினிப் பயன்பாட்டில் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து வந்துள்ளது. கிண்டிப் பொறியியல் கல்லூரியின் ஐ.பி.எம். 1620, சென்னை ஐ.ஐ.டி.யின் ஐ.பி.எம். 370/155, தாம்பரம் ஏற்றுமதி மண்டலத்து மென்பொருள் பணி, ‘சக்தி’ செயலி ஆகியவற்றின் வழியே அவ்வினாவின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. அளவையின் அலகு முழு எந்திரத்திலிருந்து இழைவரை சுருங்கியபோதும், எவர் கணக்கில் எழுதுவது என்று தெளியாத ஒரு பகுதி ஒவ்வொரு கட்டத்திலும் எஞ்சியது என்பதும், அப்பகுதியை எங்கே எழுதுவது என்னும் முடிவே அளவையின் நேர்மையைத் தீர்மானித்தது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: செயலிநேரம், இழை, தடப்பதிவு, குறுக்கீடு, முறைநீர், தென்சென்னை

முன்னுரை

கணினியில் ஒரு நிரல் தொடங்கியதற்கும் முடிந்ததற்கும் இடையே கழிந்த நேரம் வேறு. அந்நிரலுக்காகச் செயலி உழைத்த நேரம் வேறு. முன்னதைக் கடிகார நேரம் என்றும் பின்னதைச் செயலிநேரம் என்றும் கொள்ளலாம். ஒரே ஒரு நிரல் ஓடும் எந்திரத்தில் இவ்விரண்டும் ஏறத்தாழ ஒன்றே. ஒரு செயலியைப் பல பணிகள் பகிர்ந்துகொள்ளத் தொடங்கியபோதுதான் இவை பிரிந்தன.

இப்பிரிவை விளக்க அயல் உவமை எதுவும் தேவையில்லை. தாம்பரம், சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் என இன்று நெருக்கமான குடியிருப்புகளாகிவிட்ட ஊர்கள் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் ஏரிப்பாசன நிலப்பகுதியைச் சேர்ந்தவை. ஏரியில் நீர் குறையும்போது முறைவைத்துப் பாய்ச்சுவது தமிழகத்துப் பாசன வழக்கம். அதனை முறைநீர் என்பர். இன்னார் வயலுக்கு இத்தனை நாழிகை என்று கணக்கிட்டு நீர்க்கட்டி மடையைத் திறந்து மூடுவார். மடை திறந்ததற்கும் தொலைவிலுள்ள வயலில் நீர் ஏறுவதற்கும் இடையே, காய்ந்து கிடக்கும் வாய்க்கால் குடிக்கும் நீர் உண்டு. அது யார் முறையில் கழியும்? முன்னவர் முறையிலா, பின்னவர் முறையிலா, ஊர்ப் பொதுவிலா? நாழிகை வட்டில் எவ்வளவு துல்லியமாக இருப்பினும் இக்கேள்விக்கு அது விடை சொல்லாது. செயலிநேரக் கணக்கின் சிக்கலும் இத்தகையதே. கடிகாரத்தின் நுட்பம் பல்லாயிரம் மடங்கு உயர்ந்த பின்னரும் வாய்க்கால் குடித்த நீரை எங்கே எழுதுவது என்னும் கேள்வி தீரவில்லை.

கிண்டி: எந்திரம் முழுவதும் ஒருவர்க்கே

1794ஆம் ஆண்டில் நில அளவைப் பள்ளியாகத் தோன்றியது கிண்டிப் பொறியியல் கல்லூரி. அளக்கக் கற்பிப்பதற்காகவே பிறந்த அந்நிறுவனத்தின் வளாகத்தில் 1960களில் ஐ.பி.எம். 1620 என்னும் கணினி இயங்கியது. 1959ஆம் ஆண்டு அக்டோபரில் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த இக்கணினி, பத்தின் அடிமானத்தில் எண்களைக் கையாண்டது. அதன் அடிப்படை நினைவகம் 20,000 இலக்கங்கள் கொண்டது. கூட்டலுக்கெனத் தனி மின்சுற்று அதன் முதல் மாதிரியில் இல்லை. நினைவகத்தில் எழுதிவைத்த வாய்பாட்டைப் பார்த்துத்தான் அது கூட்டியது, திண்ணைப் பள்ளி மாணவன் எண்சுவடியைப் பார்த்துக் கூட்டுவது போல.

இவ்வமைப்பால் ஒரு விளைவு உண்டாயிற்று. கூட்டலுக்கு ஆகும் நேரம் எண்ணின் நீளத்தைப் பொறுத்தது; அதற்கு ஐ.பி.எம். ஒரு வாய்பாடே தந்திருந்தது. 160 மைக்ரோநொடியுடன் ஓர் இலக்கத்துக்கு 80 மைக்ரோநொடி வீதம் சேர்த்தால் விடை கிடைக்கும். ஐந்திலக்க எண்கள் இரண்டைக் கூட்ட 560 மைக்ரோநொடி. நிரல் எழுதுபவர் தாளும் எழுதுகோலும் கொண்டு, எந்திரத்தின் அருகே செல்லாமலே தம் நிரலின் ஓட்ட நேரத்தை மதிப்பிட முடிந்தது. எந்திரத்தில் ஒரு நேரத்தில் ஒருவர் நிரலே ஓடியது. ஆகவே செயலிநேரம் என்று தனியே ஒன்றை அளக்க வேண்டிய தேவை எழவில்லை; சுவர்க்கடிகாரமும் பதிவேடும் போதுமானவையாக இருந்தன. துளையட்டைகளை எந்திரம் படித்துக்கொண்டிருந்த நேரமும், பயனர் விசைப்பலகை முன் அமர்ந்து யோசித்த நேரமும் அவர் கணக்கிலேயே சேர்ந்தன. மடை முழுவதும் ஒரே வயலுக்குத் திறந்திருக்கும்போது வாய்க்காலைப் பற்றி யாரும் வழக்காடுவதில்லை.

ஐ.ஐ.டி.: பகிர்ந்த எந்திரமும் பகிராத கணக்கும்

1973ஆம் ஆண்டில் சென்னை ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370/155 நிறுவப்பட்டது. மேற்கு ஜெர்மனியின் ஒத்துழைப்புடன் 1959இல் தோன்றிய அக்கல்வி நிறுவனத்திற்கு மட்டுமன்றி, அன்றைய இந்தியக் கல்வித்துறைக்கே அது பெரிய எந்திரம். அதன் செயலியின் அடிப்படைச் சுழற்சி 115 நானோநொடி. கிண்டி எந்திரம் ஐந்திலக்க எண்கள் இரண்டைக் கூட்டி முடிக்கும் நேரத்தில் இது ஏறத்தாழ 4,900 சுழற்சிகளைக் கடந்துவிடும்.

இத்தகைய வேகமுள்ள செயலியைத் தட்டு நினைவகத்துக்காகவோ அட்டைப் படிப்பானுக்காகவோ காத்திருக்க வைப்பது பொருள்விரயம். ஒரு பணி தட்டிலிருந்து தரவு வரட்டும் என்று நிற்கும்போது, செயலியை வேறு பணிக்குக் கொடுக்கும் பன்நிரலாக்க முறை இவ்வரிசை எந்திரங்களின் இயல்பான இயக்கமுறையாயிற்று. அதற்கென ஐ.பி.எம். வழங்கிய இயக்க அமைப்பு வகைகளில் ஒன்றின் பெயரே ‘மாறும் எண்ணிக்கையிலான பணிகளைக் கொண்ட பன்நிரலாக்கம்’ (எம்.வி.டி.) என்பது. இந்நிலையில் பயனர் ஒருவரின் பணி காலை 10 மணிக்குத் தொடங்கி 10.40க்கு முடிந்தது என்பதைக் கொண்டு எதையும் அறியமுடியாது. நாற்பது நிமிடத்தில் செயலி அவருக்கு உழைத்தது ஒரு நிமிடமாகவும் இருக்கலாம், முப்பது நிமிடமாகவும் இருக்கலாம்.

எனவே கணக்கெழுத ஒரு கடிகாரம் தேவைப்பட்டது. 370 வரிசைக்கு முந்தைய 360 வரிசையில் அதற்கான ஏற்பாடு சுவையானது. நினைவகத்தின் 80ஆம் முகவரியில் ஓர் எண் இருக்கும். மின்வழங்கலின் ஒவ்வோர் அலைவுக்கும் எந்திரம் அதனைக் குறைத்துக்கொண்டே வரும். அமெரிக்காவில் மின்சாரம் நொடிக்கு 60 முறை அலைவது. அங்கு ஒவ்வோர் அலைவுக்கும் 5 அலகுகள் குறைக்கப்பட்டன. இந்தியா போல 50 முறை அலையும் நாடுகளில் 6 அலகுகள். இரண்டிலும் நொடிக்கு 300 அலகுகள் என்பதே விடை. கடற்கரை – தாம்பரம் மின்தொடரை இழுக்கும் அதே 50 சுழற்சி மின்னோட்டம், ஒருவரின் நிரல் எவ்வளவு நேரம் ஓடியது என்பதற்கும் அளவுகோல் ஆகக்கூடிய அமைப்பு அது. 370 வரிசையில் இதனோடு நாட்கடிகாரம் ஒன்றும் சேர்ந்தது: 64 துணுக்குகள் கொண்டு, 1900 ஜனவரி 1ஐத் தொடக்கமாக வைத்து, மைக்ரோநொடி அளவில் நேரத்தைக் குறிக்கும் கடிகாரம்.

அளந்ததை எழுதிவைக்கும் பொறுப்பு எஸ்.எம்.எஃப். எனப்படும் பதிவேட்டு முறைக்கு உரியது. ஒவ்வொரு பணியும், பணியின் ஒவ்வொரு படியும் முடியும்போது, அது பயன்படுத்திய செயலிநேரம் நொடியின் நூறில் ஒரு பங்காகப் பதிவாகும். கணினி மையங்கள் கட்டணம் விதிக்கவும் துறைகளுக்கு நேரம் ஒதுக்கவும் இவ்வகைப் பதிவே அடிப்படையாக அமைந்தது. இன்று நிரலின் வேகத்தை ஆராயப் பயன்படும் தடப்பதிவுக் கருவிகளை இவ்வரவுசெலவுப் பதிவேட்டோடு ஒப்பிட்டு நோக்கலாம். அளவை ஆய்வுக்காகப் பிறக்கவில்லை. கணக்குக் கேட்பதற்காகப் பிறந்தது.

அக்கணக்கு வெறும் பதிவாக நின்றுவிடவுமில்லை. பணியோடு சேர்த்து அளிக்கும் கட்டுப்பாட்டு அட்டையில் ‘டைம்’ என்ற குறியீட்டின் எதிரே நிமிடமும் நொடியும் எழுதவேண்டும். அவ்வெல்லையைப் பணி தாண்டினால் இயக்க அமைப்பு அதனை நிறுத்திவிடும். அச்சிட்டு வரும் தாளில் 322 என்னும் முடிவுக் குறி இருக்கும். செயலியைப் பயன்படுத்தாமல் நெடுநேரம் காத்துக் கிடந்து நிறுத்தப்பட்ட பணிக்கு 522 என்பது குறி. எல்லையே வேண்டாம் என்போர் 1440 என்று எழுதலாம். ஒரு நாளின் நிமிடங்கள் அவை. ஐ.பி.எம். எந்திரங்களில் துளையட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த தலைமுறைக்கு 322 என்பது எண்ணன்று, தீர்ப்பு. முடிவை எட்டும் தறுவாயில் நின்றுபோன கணக்கீட்டை முதலிலிருந்து தொடங்கவேண்டும்; அதற்கும் ஒதுக்கீட்டிலிருந்தே நேரம் கழியும்.

தீர்ப்பு அவ்வளவு கடுமையாக இருக்கும்போது சாட்சி எவ்வளவு நம்பத்தக்கது என்று கேட்பது முறை. ஒரே நிரலை, ஒரே தரவுடன், இருமுறை ஓட்டினால் இரு வேறு செயலிநேரங்கள் பதிவாவது அக்கால எந்திரக்கூடங்கள் நன்கறிந்த ஒன்று. காரணங்கள் இரண்டு. முதலாவது குறுக்கீடு. முத்துவின் பணிக்காகத் தட்டு தரவைத் தேடிக்கொண்டிருக்கிறது, செயலியோ வள்ளியின் பணியை ஓட்டுகிறது என்று கொள்வோம். தேடல் முடிந்ததும் தட்டு செயலியைக் குறுக்கிட்டு அழைக்கும். அவ்வழைப்பைக் கவனிக்கும் நேரம் முத்துவுக்காகச் செலவானது; எழுதப்படுவதோ அப்போது ஓடிக்கொண்டிருந்த வள்ளியின் கணக்கில். அண்டைப் பணிகள் தட்டை அதிகம் நாடுபவையாக அமைந்தால், தம் நிரலில் ஓர் அட்டையும் மாற்றாமலே ஒருவர் 322ஐ நோக்கித் தள்ளப்படலாம்.

இரண்டாவது காரணம் இன்னும் நுட்பமானது. 370/155இன் செயலிக்கும் முதன்மை நினைவகத்துக்கும் இடையே 8 கிலோபைட் அளவில் விரைவு நினைவகம் இருந்தது. இன்று கேஷ் எனப்படுவது அதுவே. தேவையான தரவு அதில் இருந்தால் விரைவு, இல்லையெனில் தாமதம். பணி மாறும்போது புதிய பணி பழைய பணியின் தரவை அதிலிருந்து வெளியேற்றிவிடும். மீண்டும் முறை வரும்போது பழைய பணி காய்ந்த வாய்க்காலை முதலில் நனைத்தாக வேண்டும். கிண்டி எந்திரத்தில் கையால் கணித்த வாய்பாடு இங்குச் செல்லாமற் போயிற்று. வேகம் கிடைத்தது, முன்கணிப்பு போயிற்று. பின்னாளைய சிக்கல்கள் பலவற்றின் வேர் இப்பரிமாற்றத்தில் உள்ளது.

துடிப்புக் கணக்கு

1980களில் இந்திய வங்கிகளிலும் கல்விக்கூடங்களிலும் பரவிய யூனிக்ஸ் இயக்க அமைப்பு, ‘டைம்’ என்னும் அதே சொல்லை வேறொரு பொருளில் வழங்கியது. அதன் ‘டைம்’ கட்டளை கடிகார நேரம், நிரலின் சொந்த நேரம், நிரலுக்காக அமைப்பு உழைத்த நேரம் என மூன்று எண்களைத் தந்தது. பகுப்பு நேர்த்தியானது, அளந்த முறையோ தோராயமானது. கடிகாரம் சீரான இடைவெளியில் துடிக்கும். துடிக்கும் கணத்தில் எந்தச் செயல்முறை ஓடுகிறதோ அதன் கணக்கில் ஒரு முழுத் துடிப்பு எழுதப்படும். மடையருகே அரைநாழிகைக்கு ஒருமுறை வந்து பார்த்து, அப்போது நீர் பெறும் வயலின் பெயரில் அரைநாழிகையும் எழுதிச் செல்லும் கணக்கர் போல.

துடிப்பு 10 மில்லிநொடிக்கு ஒன்று என்றால், துடித்த மறுகணம் தொடங்கி 9 மில்லிநொடி ஓடிவிட்டு அடுத்த துடிப்புக்குள் உறங்கிவிடும் செயல்முறையின் கணக்கு பூச்சியமாகவே இருக்கும். இதனைத் திட்டமிட்டே செய்து, செயலியின் பெரும்பகுதியைத் தடயமின்றி எடுத்துக்கொள்ள முடியும் என்பதைத் தன் சாஃப்ரிர் உள்ளிட்ட ஆய்வாளர் மூவர் 2007ஆம் ஆண்டில் மெய்ப்பித்துக் காட்டினர். துடிப்பின் எண்ணிக்கையிலும் இடர் இருந்தது. 60 எனப் பொறித்த அமெரிக்க மூலநிரலை, மின்னலையைப் பின்பற்றும் கடிகாரம் கொண்ட எந்திரத்தில் 50 அலைவு நாட்டில் மாற்றாமல் ஓட்டினால் கடிகாரம் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும்.

தாம்பரம்: இழைகளும் தடப்பதிவும்

தாம்பரம் சானடோரியம் அருகே 1984இல் தொடங்கப்பட்ட சென்னை ஏற்றுமதி வளாகம், 2003 முதல் சிறப்புப் பொருளாதார மண்டலமாக உள்ளது. அங்கும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் வேரூன்றிய மென்பொருள் தொழில், பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனங்களின் நிரல்களை எழுதுவதும் பேணுவதுமாகும். நிரல் மந்தமாக ஓடுகிறது என்று வாடிக்கையாளர் முறையிடும்போது, மந்தம் நிரலிலா, தரவுத்தளத்திலா, வலையமைப்பிலா, எந்திரத்தையே பகிரும் வேறொரு நிரலிலா என்று காட்டவேண்டிய கடமை அங்குள்ள பொறியாளர்க்கு உண்டு. ஒப்பந்தத்தின் பொறுப்பு எப்பக்கம் என்பது சில மில்லிநொடிகளைச் சரியான பெயரில் எழுதுவதைப் பொறுத்து அமையக்கூடும். 322இன் வழக்கு புதிய மன்றத்திற்கு வந்தது எனலாம்.

இதற்குள் அளவையின் அலகு மாறிவிட்டது. ஒரே நிரலுக்குள் பல வேலைகள் ஒருங்கே நடக்கும் அமைப்பில், ஒவ்வொரு தனி ஓட்டமும் ‘திரெட்’ எனப்படுகிறது. இச்சொல்லை விக்டர் விசோட்ஸ்கி ஆண்டதாக ஜெரோம் சால்ட்சர் 1966ஆம் ஆண்டு ஆய்வேட்டில் குறித்துள்ளார். தமிழ்க் கணிமையில் அது இழை என வழங்குகிறது. நெசவிலிருந்து வந்த சொல்லுக்கு நெசவுச் சொல்லே வாய்த்தது பொருத்தம். இழைகளுக்கான பொதுத்தரம் 1995இல் வந்தது. லினக்ஸில் அத்தரத்துக்கு நெருங்கிய செயலாக்கம் 2003இல் நிலைபெற்றது.

இழை வந்தபின் எளிய உள்ளுணர்வுகள் தடுமாறுகின்றன. நான்கு இழைகள் நான்கு உட்கருக்களில் இரண்டு நொடி இடைவிடாது ஓடினால், நிரலின் செயலிநேரம் எட்டு நொடி. கடிகார நேரத்தை அது விஞ்சிவிடும். மாறாக, முழு நிரலின் செயலிநேரம் மிகக் குறைவாக இருக்க, பயனர் நெடுநேரம் காத்திருப்பதும் உண்டு; ஓர் இழை வைத்திருக்கும் பூட்டுக்காக மற்றவை யாவும் உறங்கிக்கொண்டிருக்கும். நிரல் முழுமைக்குமான ஒற்றை எண் இவ்விரு நிலைகளையும் விளக்காது.

தடப்பதிவு இங்கே உதவுகிறது. இம்முறையில் கணக்கர் அவ்வப்போது வந்து பார்ப்பதில்லை. மடை திறக்கும் ஒவ்வொரு முறையும் எழுதுகிறார். ஓர் உட்கருவில் ஓர் இழை விலகி மற்றொன்று ஏறும்போதெல்லாம் இயக்க அமைப்பின் கருப்பகுதி ஒரு வரி பதிக்கும்: நேரம், உட்கருவின் எண், விலகும் இழை, அது விலகிய காரணம், ஏறும் இழை. ஒரே இழையின் ஏற்றத்துக்கும் விலகலுக்கும் இடையிலான பகுதிகளைக் கூட்டினால் அதன் செயலிநேரம் கிடைக்கும். விழித்தெழுந்த நேரத்துக்கும் ஏறிய நேரத்துக்கும் உள்ள வேறுபாடு, ஓடத் தயாராக இருந்தும் முறை கிடைக்காமல் நின்ற நேரம். துடிப்புக் கணக்கு இந்த மூன்றாம் வகையை அறியவே அறியாது. ஆனால் மந்தத்துக்கான பழியைச் சரியாகச் சுமத்த அதுவே இன்றியமையாதது: அந்நேரத்தில் நிரல் குற்றமற்றது, எந்திரத்தை நெருக்கிய அயலாரே பொறுப்பு.

சொலாரிஸில் 2005இல் வெளிவந்த டி-டிரேஸ், விண்டோஸின் நிகழ்வுத் தடப்பதிவு, லினக்ஸில் 2008, 2009ஆம் ஆண்டுகளில் சேர்ந்த எஃப்-டிரேஸ், பெர்ஃப் ஆகியவை இவ்வழியில் வந்தவை. விண்டோஸ் பகுப்பாய்வுக் கருவியில் செயலிப் பயன்பாட்டுக்கு இரண்டு அட்டவணைகள் உண்டு. ஒன்று மாதிரியெடுத்து மதிப்பிடுவது. மற்றது இழைமாற்றங்களைக் கூட்டித் துல்லியமாகச் சொல்வது. இரண்டும் ஒத்துப்போகாதபோது புதியவர்கள் கருவியை ஐயுறுகிறார்கள். உண்மையில் இரண்டும் வேறு வேறு வினாக்களுக்கான விடைகள்: முன்னது நிரலின் எந்த வரியில் நேரம் செல்கிறது என்பதைக் காட்டும், எந்த இழை எவ்வளவு எடுத்தது என்பதற்குப் பின்னதே சான்று.

துல்லியமான பதிவுக்கும் குறைகள் உண்டு. பதிவு தொடங்குமுன்பே ஓடிக்கொண்டிருந்த இழையின் ஏற்றத்துக்கு வரி இராது. இடைநினைவகம் நிரம்பிச் சில வரிகள் தொலைந்தால், விலகிய இழை தொடர்ந்து ஓடியதாகவே கூட்டலில் தோன்றும். பதிக்கும் வேலைக்கே செயலிநேரம் ஆகும். நொடிக்குப் பல்லாயிரம் முறை மாறும் நிரலில் அச்செலவு அளவையையே பாதிக்கும். குறுக்கீட்டின் பழைய அநீதியும் நெடுநாள் நீடித்தது. 2011இல் வெளிவந்த லினக்ஸ் 2.6.37இல்தான், குறுக்கீட்டைக் கவனித்த நேரத்தை ஓடிக்கொண்டிருந்த இழையின் கணக்கிலிருந்து பிரித்தெழுதும் வசதி விருப்பத் தேர்வாக வந்தது. வள்ளியின் முறையீடு செவியேற ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று.

சக்தி: எண்ணிக் காட்டும் செயலி

சென்னை ஐ.ஐ.டி.யில் காமகோடி தலைமையிலான ஆய்வுக்குழு உருவாக்கிய ‘சக்தி’ செயலிகள், ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த கட்டளைத் தொகுதியைப் பின்பற்றுபவை. அவற்றுள் ஒரு சில்லு இன்டெல் நிறுவனத்தின் 22 நானோமீட்டர் முறையிலும், மற்றொன்று சண்டிகர் குறைக்கடத்திக் கூடத்தின் 180 நானோமீட்டர் முறையிலும் 2018இல் வடிக்கப்பட்டன. அளவை வரலாற்றில் இதற்குத் தனி இடம் உண்டு. 370/155இன் கடிகாரம் எவ்வாறு எண்ணும் என்பதை ஐ.பி.எம். கையேட்டில் படித்தறியவே சென்னைப் பயனர்க்கு வாய்ப்பிருந்தது. ‘சக்தி’யிலோ எண்ணும் பகுதியின் வடிவமைப்பையே எவரும் திறந்து படிக்கலாம்.

ரிஸ்க்-ஃபைவ் மூன்று எண்ணிகளை வரையறுக்கிறது: கடந்த சுழற்சிகள், கடந்த நேரம், நிறைவேறிய கட்டளைகள். முதலாவதையும் மூன்றாவதையும் சேர்த்துப் பார்த்தால், ஓர் இழை தன் முறையில் உழைத்ததா, நினைவகத்துக்காக ஏங்கி நின்றதா என்பது புலப்படும். ஆயினும் இவ்வெண்ணிகள் உட்கருவுக்கு உரியவை, இழைக்கு உரியவையல்ல. ஓர் இழை தொடக்கத்திலும் முடிவிலும் சுழற்சி எண்ணியைப் படித்துக் கழித்தால், இடையே அதனை விலக்கி ஓடிய அயல் இழைகளின் சுழற்சிகளும் விடையில் சேர்ந்துவிடும். ஒவ்வோர் இழைமாற்றத்தின்போதும் எண்ணியைப் படித்துப் பிரித்தெழுதும் வேலை மீண்டும் இயக்க அமைப்பிடமே வருகிறது.

எண்ணியை எவரும் படிக்கலாம் என்னும் திறப்பும் நெடுநாள் நிலைக்கவில்லை. நுண்ணிய நேர அளவைகொண்டு அடுத்த நிரலின் மறைபொருளைக் கேஷின் வழியே ஊகித்தறிய முடியும் என்பதை 2018இல் வெளியான ஸ்பெக்டர் ஆய்வுகள் உலகறியச் செய்தன. 2023இல் வெளிவந்த லினக்ஸ் 6.6, ரிஸ்க்-ஃபைவ் எந்திரங்களில் பயனர் நிரல்கள் சுழற்சி எண்ணியை நேரடியாகப் படிப்பதை இயல்புநிலையில் தடுத்தது. படிக்க விரும்பும் நிரல் பெர்ஃப் வழியாக முதலில் அனுமதி பெறவேண்டும். பழைய வழக்கமே வேண்டுவோர் எந்திரத்தின் அமைப்பில் அதனை வெளிப்படையாக மாற்றியாக வேண்டும்.

குறுக்கீட்டு நேரம் இன்று தனிப் பத்தியில் எழுதப்படலாம். இழைமாற்றம் நானோநொடி அளவில் குறிக்கப்படுகிறது. விலகிய இழை மீண்டும் ஏறும்போது வெறிச்சோடிக் கிடக்கும் கேஷை நிரப்ப ஆகும் சுழற்சிகளுக்கு மட்டும் தனிப் பத்தி இல்லை. அவற்றை அவ்விழை தனக்காகவே செலவிட்டதாக, 370/155இன் காலத்தில் எழுதியது போலவே, கணக்கு இன்றும் எழுதுகிறது.